ஷட்டரில் விட்ட ஒரு சொட்டு

அன்புள்ள வாலுப் பெண்ணுக்கு, அம்மா எழுதுகிறேன். இங்கே உடம்புக்கு யாருக்கும் குறைவில்லை, மனசுதான் சரியில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

அப்பாவின் மடிப்புக் கேமராவைப் பார்க்கப் பழைய கேமரா வியாபாரி ஒருவர் வருவதாகச் சொன்னேன் அல்லவா, புதன்கிழமை வந்தார். அப்பா அறையை இருட்டாக்கி, லென்ஸுக்குப் பின்னால் மடிப்பு மடிப்பாக விரியும் துருத்திக்குள் டார்ச் அடித்துக் காட்டினார், ஒரு பொட்டு வெளிச்சம் கசியவில்லை. லென்ஸைச் சுற்றிப் பொறித்த எண்ணைப் படித்து, இதே உடம்பில் மலிவு லென்ஸும் வந்தது, இது நாலு கண்ணாடி உள்ள உசத்தி என்று மூச்சு விடாமல் ஒப்பித்தார். தலையாட்டிக்கொண்டே வந்த வியாபாரி கடைசியில் ஷட்டரை ஒரு வினாடி திறந்து மூடும் வேகத்தில் வைத்து அழுத்தினார். திறந்தது, மூடவே இல்லை. “ஷோகேஸ்ல வைக்கலாம் சார், படம் எடுக்க ஆகாது” என்று கால் விலை சொன்னார். அப்பா கொடுக்கவில்லை. கேமராவை உறையில் போட்டு அலமாரியில் பூட்டியவர் அதன் பக்கமே போகவில்லை.

கொஞ்ச நாளாக அவருக்குக் கை லேசாக நடுங்குகிறது, உனக்குச் சொல்ல வேண்டாம் என்றிருந்தார். “முந்தின நாள் நல்லாத்தானே ஓடிச்சு, நான்தான் முரட்டுத்தனமா எதையோ அழுத்திட்டேன், இனி இந்தக் கை எதையும் தொடக் கூடாது” என்கிறார். ஞாயிறு தோறும் அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் கேமராவைப் பார்த்து இது இன்னது, இவ்வளவு பெறும் என்பாரே, அதையும் நிறுத்திவிட்டார். எதிர்வீட்டு டாக்டரம்மா தன் மாமனாரின் கேமராவோடு வந்து வாசலோடு திரும்பினார். சாப்பாடும் பாதிதான் இறங்குகிறது.

அவர் கை ஒன்றும் செய்யவில்லையடி, செய்தது நான். புதன்கிழமை காலை அவர் குளிக்கப் போன நேரத்தில், ஷட்டர் சத்தம் கொஞ்சம் இழுக்கிறதே, வருகிறவர் முன்னால் தலைகுனிவு வேண்டாமே என்று தையல் மெஷின் எண்ணெயை விசைக்குப் பக்கத்து இடுக்கில் ஒரே ஒரு சொட்டு விட்டேன். முப்பது வருஷம் தைத்தவளுக்கு எண்ணெய் போட்டால் எதுவும் ஓடும் என்கிற நினைப்பு. ஷட்டரின் மெல்லிய தகடுகள் காய்ந்தே இருக்க வேண்டுமாம், எண்ணெய் பட்டால் ஒட்டிக்கொள்ளுமாம். ரிப்பேர்க்காரரைப் போனில் கேட்டேன், கழுவினால் சரியாகும் என்றார். கேமராவுக்கு வழி இருக்கிறது. அப்பாவிடம்தான் சொல்ல வாய் வரவில்லை. திட்டுவார் என்று பயமில்லை. நாலு நாளாக அவர் தன் கையைத் திட்டிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டு கல்லாட்டம் உட்கார்ந்திருந்தேனே, அதற்கு என்ன சொல்வேன்?

வேளைக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. இருவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். உன் விலாசத்தை இங்கிலீஷில் எழுத எனக்கு வராது, அப்பாதான் எழுத வேண்டும். உள்ளே இருப்பதைப் படிக்காமல் அவர் எந்தக் கடிதத்தையும் ஒட்டியதில்லை. இதை ஒட்டாமல் அவர் மேஜைமேல் வைக்கப் போகிறேன்.

அம்மா