நாலு மில்லிமீட்டர் பூ

பாரிவாக்கம்
8 ஜூன் 2024

அன்பு அக்காவுக்கு,

அம்மாவும் நானும் நலம். நீ அனுப்பிய ஆர்க்கிட் செடி சரசா அக்காவின் தையல் கடைக்கு வந்து சேர்ந்தது. செடி ஏது என்று அப்பா கேட்டார். "சரசா அக்கா குட்த்தாங்க" என்று பொய் சொல்லிவிட்டேன். நீ லோகேஷ் மாமாவைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து, இரண்டு வருடமாக அவர் எதிரில் உன் பெயரை யாரும் எடுப்பதில்லை. வகுப்பில் எழுந்து பதில் சொல்லப் பயந்தே ஒன்பதாவதோடு நின்றவள் நான். நானா சொல்வேன்?

இன்னொன்று, திட்டாதே. மல்லிச்செடி மாதிரி மண்ணில் நட்டு தினமும் தண்ணீர் ஊற்றினேன். இரண்டு வேர் அழுகிவிட்டது.

உன் விஜி

ஏற்காடு
20 ஜூன் 2024

அடி மக்கு விஜி,

அது மரத்தில் ஒட்டி வாழ்கிற செடி. எங்கள் எஸ்டேட்டில் காற்றுக்கு முறிந்த கிளையோடு கீழே விழுந்தது. அழுகியதை நறுக்கிவிட்டு ஒரு கட்டையில் நூலால் கட்டு. குளியலறை ஜன்னலில் தொங்கவிட்டு, காலையில் தண்ணீர் தெளி, போதும். பூத்தால் படம் பிடித்து தபாலில் அனுப்பு. இங்கே டவர் கிடையாது.

அப்பா என்னைப் பற்றி ஏதாவது... வேண்டாம், எழுதாதே.

பிரியா

பாரிவாக்கம்
17 நவம்பர் 2024

அக்கா,

பூத்துவிட்டது! "காஞ்ச குச்சிக்கு தெனம் இன்னாடி குளிப்பாட்டு?" என்று சிரித்த அம்மாவே வாயைப் பிளந்தாள்.

ஆனால் படம்தான் வரவில்லை. பூ அவ்வளவு சின்னது. அம்மாவின் போனில் பின்னால் இருக்கிற சுவர் பளிச்சென்று விழுகிறது, பூ வெறும் மங்கல். மூன்று நாள் போராடினேன். திருமழிசை லேத் கம்பெனியிலிருந்து வந்த அப்பா எட்டிப் பார்த்தார்.

"இன்னாத்த எடுக்குற? செவுத்தையா?"

"பூப்பா."

குனிந்தார். சட்டைப் பையிலிருந்து, இரும்புச் சாமான் அளக்கிற வெர்னியரை எடுத்து அளந்தே விட்டார். "நாலு மில்லி! இத்துனூண்டுல ஒதடு வேற கீது பாரு!" லேத்தில் பிசிறு பார்க்கிற பூதக்கண்ணாடியைப் போனுக்கு முன்னால் பிடித்தார். "ஃபேன நிறுத்து. மூச்சு வுடாத." அவர் கை கொஞ்சமும் ஆடவில்லை. வந்துவிட்டது அக்கா! வெள்ளை இதழ், உதட்டில் ஊதாப் புள்ளி.

"சரசாவாண்ட ஏது இந்த மாரி செடி?" என்றார்.

"சரசா அக்கா இல்லப்பா. பிரியா அக்கா அனுப்புச்சு" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

அப்பா கண்ணாடியை இறக்கவில்லை. "இன்னொண்ணு எடு. அதுக்கு அனுப்பணும்ல" என்றார்.

படம் உள்ளே இருக்கிறது.

விஜி

ஏற்காடு
29 நவம்பர் 2024

என் தங்கமே,

படத்தில் பூவை அப்புறம்தான் பார்த்தேன். ஓரத்தில் ஒரு கட்டைவிரல், லேத்தில் பிளந்த நகம். "பூ எங்க?" என்று உன் மாமா கேட்க, நான் விரலைக் காட்டி அழுதுகொண்டிருந்தேன்.

நீயா சொன்னாய்? என் விஜியா? அவர் முகத்துக்கு எதிரிலா?

இங்கே வேலியோரம் இதைவிடச் சின்னதாக ஒன்று பூத்திருக்கிறது. அப்பாவிடம் சொல்.

பிரியா

பாரிவாக்கம்
7 டிசம்பர் 2024

அக்கா,

சொன்னேன். "நாலுக்குக் கீழயா? சும்மா கத வுடாத, அளந்து பாத்தாத்தான் நம்புவேன்" என்கிறார்.

அடுத்த வாரம் ஞாயிறு காலை மூவரும் வருகிறோம். வெர்னியரை இப்போதே பையில் எடுத்து வைத்துவிட்டார்.

விஜி