கடலுக்குள் போட்ட குழாய்

இஞ்சாருங்கோ,

உங்களோடு சண்டை பிடிக்கத்தான் எழுதுகிறேன். காய்ச்சலில் போய்ச் சேர்ந்த மனிதரோடு என்ன சண்டை என்று வல்வெட்டித்துறையில் நாலு பேர் கேட்கலாம். கேட்கட்டும்.

கொழும்பிலிருந்து மெயில் ரயிலில் ஒரு றப்பர் குழாய் கொண்டு வந்தீர்களே, அதனால் வந்த வினை. கரையில் ஏற்றி வைத்த வள்ளத்தில் மழைத் தண்ணீர் நின்றால், ஒரு நுனியை உள்ளே விடுவீர்கள். மறு நுனியை உறிஞ்சி, மணலில் போட்டுவிட்டுச் சுருட்டுப் பற்ற வைப்பீர்கள். தண்ணீர் விளிம்பேறி வெளியே ஓடும். எப்படி என்று உங்கள் தம்பி மணியம் கேட்டால் சிரிப்பீர்கள். சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

போன கிழமை நல்ல மழை. வள்ளம் கடலில் கட்டி நின்றது. பனையோலைப் பட்டையால் தண்ணீரை அள்ளப் பஞ்சிப்பட்ட உங்கள் சோம்பேறித் தம்பி குழாயை எடுத்துப் போனான். உறிஞ்சினான், தண்ணீர் வாய்க்கு வந்தது. நுனியைக் கடலுக்குள் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, சோறு தின்று, படுத்துவிட்டான்.

"அது தன்ரை பாட்டிலை ஓடும், மச்சாள்" என்று எனக்கே சொன்னான்.

ஓடியது. கடல் வள்ளத்துக்குள் ஓடியது. பின்னேரம் போய்ப் பார்த்தால் விளிம்பு மட்டும் தெரிகிறது. வள்ளத்துக்குள் நின்ற தண்ணீரைவிடக் கடல் உயரத்தில் நின்றது. உயரத்தில் நிற்பதுதானே தாழ்ந்த பக்கம் வரும்? இது எனக்கு விளங்குகிறது, உங்கள் தம்பிக்கு விளங்கவில்லை. "அண்ணை செய்தால் வெளியிலை ஓடுது" என்று தலையில் கை வைத்து நின்றான்.

எனக்கும் பிள்ளைக்கும் சோறு போடுவது அந்த வள்ளம் ஒன்றுதான். ஊரவர் சேர்ந்து கரை வரை இழுத்தார்கள். பாரத்தில் அதற்கு மேல் அசையவில்லை. அலை அடித்துப் பலகை பிரிந்தால் எல்லாம் முடிந்தது. அவர்கள் ஒரு பக்கம் அள்ள, குழாயைத் தா என்று நானே இறங்கினேன்.

உறிஞ்சி, நுனியைத் தாழ்ந்த மணலில் போட்டேன். ஓடியது. இரண்டு முறை நின்றுபோனது. உள்நுனி தண்ணீருக்கு மேலே வந்து காற்றை இழுத்துவிட்டது. காற்றுப் புகுந்தால் ஓட்டம் அறுந்துபோகும் என்பதையாவது சொல்லியிருக்கக் கூடாதா? நுனியில் கல்லைக் கட்டித் தாழ்த்திய பிறகு நிற்கவில்லை. பொழுதுபட முன் வள்ளம் மேலேறியது.

வாயில் வைத்தபோதுதான் தெரிந்தது, றப்பரில் உங்கள் பல் பதிந்த தடம். என் பல்லும் அதிலேயே போய் இருந்தது. உப்புத் தண்ணீர் வாய்க்குள் வந்த பிறகும் எடுக்க மனம் வரவில்லை. எத்தனை பேருக்கு முன்னால் என்னை அழ வைத்தீர்கள் தெரியுமா?

"அந்த நுனி வெடிச்சுப் போச்சு மச்சாள், காத்து இழுக்குது. வெட்டி எறிவம்" என்கிறான் மணியம்.

வெட்ட விடமாட்டேன். வெடித்த இடத்தில் மெழுகுச் சீலை சுற்றிவிட்டேன். கடலில் நின்றால் பட்டை, கரையில் நின்றால் குழாய் என்று அவனுக்கு விளங்கும்வரை சொல்லிக் கொடுக்கிறேன், நீங்கள் செய்யாத வேலையை. ஆனால் உறிஞ்சுவது மட்டும் இனி நான்தான்.

கோபம் இன்னும் ஆறாத,
உங்கள் பெண்சாதி