நீ கழற்றி வைத்த பாட்டு

இன்று காலை பல்லரோ சந்தையில் மீன் வாங்க நின்றபோது, பக்கத்தில் நம்மவர் நடத்தும் கடையிலிருந்து நமக்குப் பிடித்த அந்தப் பாடகரின் குரல் வந்தது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. மீன்காரர் இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் எவ்வளவு வேண்டும் என்று சொன்னேன்.

போர்கோ வெக்கியோப் பகுதியில் நாம் ஒரே அறையில் இருந்த காலத்தில் அந்தக் குரல் இல்லாமல் சமையல் நடந்ததில்லை. நீ வெங்காயம் வெட்டியபடியே கூடப் பாடுவாய். நான் பிழையான இடத்தில் நுழைவேன். கோயில் பாடகர் குழுவிலும் நம் கதை அதுதான்.

ஊரில் போர் முடிந்தது. உன் தங்கை இராணுவத்தின் செல்லடியில் இறந்த செய்தி வந்து ஓராண்டுகூட ஆகவில்லை, அந்தப் பாடகர் அரசாங்கத்தின் வெற்றி விழா மேடையில் ஏறிப் பாடினார். இருவரும் கணினியில் பார்த்தோம். மறுநாள் அவருடைய சீடிகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் குப்பைத்தொட்டிக்குக் கொண்டுபோனாய். நான் படிக்கட்டில் மறித்தேன்.

“எனக்குத் தா, மச்சான். பாட்டு என்ன செய்தது?”

“வைச்சிரு. நான் இருக்கேக்க போடாதை.”

எனக்கு அது வெறும் பிடிவாதமாகப் பட்டது. ஒருநாள் கேட்டேவிட்டேன்: “எங்களை இந்த நாட்டிலை இருந்து திருப்பி அனுப்ப வேணும் எண்டுற கட்சிக்குத்தான் உன்ரை முதலாளி சிஞ்ஞோரா வோட்டுப் போடுறா. அவவின்ரை வீட்டை நீ துடைக்கிறாய்தானே?”

“ஓம். அது வயித்துக்கு. பாட்டு நானாத் தெரிஞ்செடுக்கிறது. என்ரை விருப்பத்துக்கு நடக்கிறது வேறை என்ன இருக்கு இஞ்சை?”

பிறகு அதைப் பற்றி நாம் கதைக்கவில்லை. நான் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். உனக்கு அது தெரியும் என்பது எனக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரியில், உன் கடைசி வாரத்தில், நான் உன்னைக் கேட்காமல் ஒன்று செய்தேன். நோவை மறப்பாய் என்று உன் காதில் மாட்டி, நாம் அதிகம் பாடிய பாட்டைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டாய். உன் விரல் போர்வையில் தாளம் போட்டது. நான் வென்றுவிட்டதாக நினைத்தேன். பல்லவி முடிந்ததும் அதைக் கழற்றி என் கையில் வைத்தாய்.

“நல்லாத்தான் பாடியிருக்கிறான். அதாலைதான் வேண்டாம் எண்டுறன்.”

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

நீ சொன்னதுதான் சரி என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் செத்தது என் தங்கை இல்லை. அவர் பாட்டை இன்றைக்கும் கேட்கிறேன், காதில் மாட்டிக்கொண்டுதான். போன கிழமை என் மகள் கேட்டாள்.

“அப்பா, ஏன் ஸ்பீக்கரிலை போடுறேல்லை?”

“ஒருத்தருக்கு விருப்பமில்லை.”

“ஆருக்கு?”

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.