கண்ணாடியின் எந்தப் பக்கம்

பள்ளிவாசல்துறை
வியாழக்கிழமை, அஸர் தொழுத பிறகு

அல்லாஹ்வின் காவலில் குவைத்தில் இருக்கும் என் றிஸ்மியாவுக்கு உன் புருஷன் முத்தலிபு எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். மகள் நிஃப்லாவும் சுகம். உன் சுகத்துக்காக ஐந்து நேரமும் கை ஏந்திக்கொண்டுதான் இருக்கிறேன்.

கடிதத்தைக் கண்டு நீ சிரிப்பாய். கலியாணம் முடித்த பதினாறு வருஷத்தில் நான் உனக்கு எழுதுகிற முதல் கடிதம் இது. என்ன செய்ய? பதின்மூன்று நாளாக நீ என் கோலை எடுக்கவில்லை. அனுப்பின வொய்ஸ் எல்லாம் கேட்பாரில்லாமல் கிடக்கிறது. லீவில் வந்த றுஷ்னா சனிக்கிழமை திரும்பக் குவைத்துக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டுப் போய்க் கேட்டேன். கொண்டுபோய்த் தருகிறேன், ஆனால் நல்லா ஒட்டித் தாங்க நானா, நான் வாசிச்சேன் என்று நாளைக்குக் கதை வரக்கூடாது என்றாள். ஊர் முழுக்க என் கதையை வாசித்து முடித்துவிட்டது, நீ ஒருத்தி வாசித்தால் என்ன குறையப்போகிறது என்று சொன்னேன். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். கட்டாக் கருவாடும் கொஞ்சம் கொண்டுபோனேன். அதை மட்டும் வாங்க மாட்டேன், பிளேன் முழுக்க மணக்கும் என்று திருப்பித் தந்துவிட்டாள்.

கடைசியாகக் கதைத்த அன்று நீ கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. நாள் முழுக்க அங்க என்னத்தச் செய்றீங்க, ஒரு கண்ணாடியத் துடைக்க இவ்வளவு நேரமா, உங்கட நேரமெல்லாம் எங்க போவுது என்று கேட்டாய். அங்க எனக்காக ஆரும் காத்திருக்கல்ல, வாற மாசம் ஒன்றாம் தேதி மேடத்திட்ட இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து வைக்கப்போறேன் என்றாய். நான் வாயைத் திறக்குமுன் போனை வைத்துவிட்டாய். அதனால் என் நேரமெல்லாம் எங்கே போகிறது என்று ஒன்றும் விடாமல் எழுதுகிறேன். வாசித்துவிட்டு உன் விருப்பப்படி செய்.

காலை நேரம் ஏணியில் போகிறது. ஏணியைச் சைக்கிளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஹோட்டலுக்குப் போகிற வழியில் எத்தனை பேர் மறிக்கிறார்கள் தெரியுமா? ஒருத்தருக்கு பல்பு மாற்ற வேண்டும். ஒருத்தருக்கு முருங்கைக்காய் ஆய வேண்டும். போன கிழமை ஒரு வீட்டில் பூனை கூரையில் ஏறி இறங்கத் தெரியாமல் கத்தியது. நான் ஏறிப் பிடிக்கப் போனதும் அது தானாகவே குதித்து ஓடிவிட்டது, நாசமாய்ப் போக. நீ இருந்தபோது முன்னால் நடந்துகொண்டே, வேலைக்கு நேரமாச்சு, பொறகு பாப்போம் என்று ஒரே சொல்லில் எல்லாரையும் அடக்கிவிடுவாய். எனக்கு அந்த வாய் இல்லையே.

அடுத்தது ஹோட்டல் வாசலில் நிற்கிற செக்கியூரிட்டிக்காரர். சிலாபத்து மனுஷன், நல்லவர்தான். எட்டு வருஷமாக என்னைத் தெரியும். ஆனாலும் தினமும் என் பெயரையும் அடையாள அட்டை நம்பரையும் கொப்பியில் எழுதித்தான் உள்ளே விடுவார். எழுதுகிற நேரத்தில் தன் மகளின் பள்ளிக்கூடச் சோதனையைப் பற்றிப் பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் கதைப்பார். உன்னைப் பற்றியும் கேட்பார். நோனா எப்ப வாறது என்று கேட்பார். நான் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய்விடுவேன். எப்ப என்று கேட்ட கேள்விக்கு ஓம் என்றால் என்ன அர்த்தம்!

உள்ளே போனால் தண்ணீர்ப் பாடு. கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாய்ப் படிந்துபோகும் என்று உனக்குத் தெரியும். வடிகட்டின தண்ணீர் குசினிக் குழாயில் மட்டும்தான். காலைச் சாப்பாட்டுப் பீங்கான் எல்லாம் கழுவி முடியும்வரை வாளியோடு நிற்க வேண்டும். குசினிக்காரன் என்னைக் கண்டாலே பல்லைக் கடிப்பான். பிறகு பார்த்தால் வெள்ளைக்காரர் பத்து மணிவரை தூங்குவார்கள். நேற்று முழுக்கக் கடலில் பட்டம் பிடித்துக்கொண்டு பலகையில் ஓடின களைப்பு. கதவில் எழுப்பாதே என்று அட்டை தொங்கும், திரை மூடிக் கிடக்கும். அவர்கள் எழும்புகிற நேரம் கடலில் இருந்து கச்சான் காற்றும் எழும்பிவிடும். காலையில் துடைத்த கண்ணாடியில் பகலுக்கெல்லாம் உப்புப் பூத்திருக்கும். மூன்று மணிக்கு மெனேஜர் மாத்தயா வந்து விரலால் தடவிப் பார்த்து, இது துடைச்சதா துடைக்காததா முத்தலிபு என்று கேட்பார். துடைச்சது மாத்தயா, கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்பேன்.

இன்னொன்றும் இருக்கிறது. ஏறின பிறகுதான் தண்ணீர் வழிக்கிற ரப்பரைக் கீழே மறந்தது தெரியும். இறங்கி எடுத்து ஏறினால் போன் அடிக்கும். காற்றில் மேலே ஒன்றும் கேட்காது, அதனால் திரும்ப இறங்குவேன். புதிய பேக்கேஜ் வேண்டுமா சேர் என்று ஒரு பெண் பிள்ளை பதிவு செய்து வைத்த குரலில் கேட்கும். நாளுக்கு நாலு தரம் நீ என்று நினைத்து இறங்குகிறேன் றிஸ்மியா. நாலு தரமும் நீ இல்லை.

சரி. இதெல்லாம் நீ இருந்த காலத்திலும் இருந்ததுதானே என்று கேட்பாய். இருந்தது. அப்படியிருந்தும் முப்பத்தாறு கண்ணாடியையும் லுஹருக்கு முன் முடித்துவிட்டு, கட்டிக்கொண்டு போன பாணையும் சம்பலையும் சவுக்கு மரத்தடியில் இருந்து தின்றோம். இப்போது மஃரிப் வரைக்கும் முடியவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியாதா? நீ ரூமுக்கு உள்ளே நிற்பாய், நான் வெளியே ஏணியில் நிற்பேன். போகாத கறை ஒன்று இருந்தால் அந்த இடத்தில் விரலை வைத்து ஒரு தரம் தட்டுவேன். நீ நகத்தால் சுரண்டிப் பார்ப்பாய். உன் பக்கத்துக் கறை என்றால் துடைத்துவிடுவாய். இல்லை என்றால் இரண்டு தரம் திருப்பித் தட்டுவாய். அவ்வளவுதான் வேலை. பொஞ்சாதியையும் ஹோட்டலுக்கு இழுத்துக்கொண்டு போறான் என்று ஊர் கதைத்தபோது, அவர் கண்ணாடிக்கு வெளிய, நான் உள்ளுக்கு, இதுல ஆருக்கு என்ன நோவு என்று கேட்டவள் நீ.

இப்போது ஒரு கறை போகவில்லை என்றால் நான் ஏணியில் இருந்து இறங்கி, கட்டடத்தைச் சுற்றிப் போய், செருப்பைக் கழற்றி, சாவி வைத்திருக்கிற பையனைத் தேடிப் பிடித்து, மேலே ஏறி, உள்ளே போய்ப் பார்த்தால் கறை வெளிப்பக்கத்தில்தான் இருக்கும். திரும்பி வந்து ஏணியில் ஏறினால் எந்த இடம் என்று மறந்துபோகும். என் நேரம் இதில்தான் போகிறது. ஒரு கறை எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க அரை மணித்தியாலம்.

அம்ஜத் உள்ளே நிற்கிறான் என்றுதானே சொன்னீங்க என்று நீ கேட்கப்போகிறாய். அதுதான் நான் செய்த பிழை. நீ போன பிறகு உன் இடத்தில் நிற்கச் சேர்த்த குறிஞ்சிப்பிட்டி அம்ஜத் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வீட்டுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. கொழும்பில் ஒரு கடையில் சேர்ந்துவிட்டான். ஏணியில் தனியே ஏறாதீங்க என்று நீ போகும்போது சத்தியம் வாங்கியிருந்தாய். சொன்னால் அங்கே நீ கவலைப்படுவாய் என்று, அம்ஜத் இருக்கிறான், அம்ஜத் சுகம், அம்ஜத் சலாம் சொன்னான் என்று இரண்டு மாசமாக இல்லாத மனுஷனின் சலாமைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய் சொன்னேன். என்னை மன்னித்துக்கொள்.

அதனால்தான் ஊர் இப்போது கதைக்கிற, அன்று ஹோட்டலில் நடந்த விஷயத்தைச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அம்ஜத் அப்ப எங்க நின்றான் என்று நீ கேட்பாய் என்ற பயம். இப்போது அல்லாஹ்வைச் சாட்சியாக வைத்து எழுதுகிறேன். மாடியில் கடலைப் பார்த்த கடைசி ரூம். திரை பாதி விலகி இருந்தது. கண்ணாடி முழுக்கச் சவர்க்கார நுரை, வெயில் வேறு நேரே அடித்தது. நடுவில் ஒரு கறை. நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. உள்ளே ஒரு ஆள் நிற்பது நுரைக்குள்ளால் தெரிந்தது. தலையை மூடியிருந்த மாதிரி இருந்தது. என் கை தன் பாட்டுக்குப் போய்த் தட்டிவிட்டது. தட்டினது மட்டுமில்லை, இங்க பாரு புள்ள, இது உன் பக்கமா என்று வாயாலும் கேட்டுவிட்டேன்.

அது ஒரு வெள்ளைக்காரப் பெண். நீளச் சட்டை போட்டு, குளித்த தலையில் துவாயைச் சுற்றியிருந்தாள். முதலில் திடுக்கிட்டுப் பின்னால் போனாள். பிறகு என் விரலைப் பார்த்தாள். கிட்ட வந்து, விரல் காட்டின இடத்தில் தன் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். இல்லை என்று தலையை ஆட்டினாள். நான் மடையன், அப்போதும் விளங்காமல் அந்த இரண்டு தட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். தட்டு வரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, நீ இங்கே இல்லை என்று.

கீழே இறங்கி சவுக்கு மரத்தடியில் போய் இருந்தேன். நாற்பத்தேழு வயதில் ஒரு வாளியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். அன்று மிச்சம் இருந்த கண்ணாடி ஒன்றும் துடைக்கவில்லை. இதையும் வீணாய்ப் போன நேரத்தில் சேர்த்துக்கொள்.

கீழே நின்ற வெயிட்டர் ஒருத்தன், நான் ஜன்னலில் தட்டியதையும் அவள் வந்து நின்றதையும் மட்டும் கண்டிருக்கிறான். மெனேஜர் அவளிடமே போய் விசாரித்தார். ஏணியில் நின்றவர் கண்ணாடியைத்தான் காட்டினார், பிழை ஒன்றும் இல்லை என்று அவள் சொல்லிவிட்டாள். விஷயம் அங்கேயே முடிந்தது. ஆனால் தேத்தண்ணிக் கடையில் யாரும் முடிக்கவில்லை. ஜும்ஆவுக்கு முன் கதை புத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்து, உன் தங்கச்சி பஸீஹாவின் காதில் விழுந்து, அன்று பின்னேரமே உனக்கும் வந்துவிட்டது. பஸீஹாவை நான் குறை சொல்லவில்லை. நம் பிள்ளையைத் தன் வீட்டில் வைத்துப் பள்ளிக்கூடம் அனுப்புகிறவள். கேட்ட கதையைச் சொன்னாள். அதை உனக்கு முதலில் நான் சொல்லியிருக்க வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்த நிஃப்லா, உம்மா ஏன் உங்களோட கதைக்கிறல்ல வாப்பா என்று கேட்டாள். போன் பழுது மகள் என்றேன். என் கையில் இருந்த போனைப் பார்த்தாள். பிறகு போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். சீனி கூடிப்போயிருந்தது. உன் கை மாதிரியே.

நீ எதற்காகப் போனாயோ அது முடிந்துவிட்டது றிஸ்மியா. ஹோட்டல்கள் மூடிக் கிடந்த காலத்தில் அரைகுறையாய் நின்ற வீட்டுக்குக் கூரை வந்துவிட்டது. குசினியும் முடிந்தது. நாலு ஜன்னலுக்கும் கண்ணாடி போட்டாகிவிட்டது. அந்த நாலையும் நான் இன்னும் துடைக்கவில்லை. கண்ணாடி துடைக்கிறவன் வீட்டு ஜன்னலைப் பாருங்கடா என்று பக்கத்து வீட்டார் பகிடி பண்ணுகிறார்கள். பண்ணட்டும். ஹோட்டலில் என்றால் கூலிக்காகத் தனியே மாரடிக்கலாம். சொந்த வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் நானே ஓடித் துடைக்க எனக்கு மனசு வரவில்லை.

ஹோட்டல்களில் இப்போது ஆட்கள் நிறைந்து கிடக்கிறார்கள். வேலை இரண்டு பேருக்கும் இருக்கிறது. போய்த் தொலை என்றோ வந்து சேர் என்றோ உனக்குக் கட்டளை போட எனக்கு வாய் இல்லை. நீ பட்ட பாடு நீதான் அறிவாய். நான் பொய் சொன்னேன், அது என் பிழை. மற்றது ஒன்றும் நான் செய்யவில்லை. எனக்குத் தனியே இருந்து அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

கையெழுத்து வைக்குமுன் எனக்காக ஒன்று மட்டும் செய். கோபம் தீராவிட்டால் என்னோடு கதைக்க வேண்டாம். கையெழுத்துத்தான் என்றால் ஒன்றும் செய்யாதே, ஒன்றாம் தேதி போனதும் நான் விளங்கிக்கொள்வேன். வருவதென்றால் ஒரு மிஸ்ட் கோல் கொடு, நிறுத்திவிட்டு இன்னொன்று கொடு. இரண்டு தரம். நான் ஏணியில்தான் நிற்பேன். இந்த முறை இறங்க மாட்டேன், எடுக்கவும் மாட்டேன். சட்டைப் பையில் போனை வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டு நிற்பேன்.

சவர்க்காரத்தில் வெடித்த உன் கைகளை அல்லாஹ் சுகமாக்கி வைப்பானாக. இரவில் உனக்கு நல்ல தூக்கத்தைத் தருவானாக. உன்னை எனக்கும் நிஃப்லாவுக்கும் திருப்பித் தருவானாக. ஆமீன்.

உன் துஆவில் எனக்கும் ஓர் இடம் வை.

இப்படிக்கு,
வெளிப்பக்கத்தில் நிற்கிற
முத்தலிபு