பதினாறு வீட்டுத் தண்ணீர்

மயிலாப்பூர்
8.6.1993

அன்புள்ள உங்களுக்கு,

ஸ்ரீலக்ஷ்மியின் நமஸ்காரம். எழும்பூருக்கு வண்டி மூன்று மணி நேரம் தாமதம். மற்றபடி சுகமாக வந்து சேர்ந்தேன். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. இந்த வருடம் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு, இரண்டு பிரிவு, என் தலையில். அது போதாதென்று உங்கள் கேள்வி வேறு. மண்டபம் கடல் ஆராய்ச்சி நிலையத்தில் இன்னும் மூன்று வருடம் இருப்பதா, சென்னை வேலைக்குத் திரும்புவதா என்று இருபதாம் தேதிக்குள் நீங்கள் ஆபீசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். "நீயே சொல்" என்றீர்கள். நான் பதில் சொல்லாமல் வண்டியேறி வந்துவிட்டேன். நாலு நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

லீவுக்கு வந்து உங்களோடு எட்டு நாள் இருந்த அந்த ஊரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கடையைச் சாத்தித் தூங்குகிறார்கள். டிரைவர் டீ குடித்து முடிக்கும்வரை பஸ் நிற்கிறது, யாரும் கத்துவதில்லை. நிம்மதியான ஊர். அதுதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தேசியப் பூங்கா தீவுக்குப் படகில் கூட்டிப்போய், முழங்கால் தண்ணீரில் நிற்க வைத்துப் பவளப்பாறை காட்டினீர்கள். உங்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நம் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. எனக்கோ, இன்றைக்குத் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்ததா, வேலைக்கு வரும் தேவானை நம் குடத்தையும் வரிசையில் வைத்தாளா என்றே மனசு ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தரம் மணி கேட்டேன். மூன்று தரமும் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஐந்தாம் நாள் நடந்ததை நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நானே எழுதிவிடுகிறேன். விடியற்காலையில் குழாய் புஸ்ஸென்று மூச்சு விட்டது. இங்கே சென்னையில் அந்தச் சத்தம் கேட்டால் யாராவது யோசித்துக்கொண்டு படுத்திருப்பார்களா? எழுந்தேன். பக்கெட், அண்டா, குக்கர், டம்ளர்கள், கடைசியில் உங்கள் ஆராய்ச்சிக் கண்ணாடிக் குடுவைகள் வரைக்கும் ரொப்பினேன். எட்டு நாளில் முதல்முறையாக எனக்கு நிம்மதியாக இருந்தது அப்போதுதான். குவார்ட்டர்ஸ் பதினாறு வீட்டுக்கும் சேர்த்து ஒரே தொட்டி என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஆறரை மணிக்கு, கடைசி வீட்டுப் படகோட்டியின் மனைவி பேச்சியம்மாள் காலிக் குடத்தோடு வாசலில் வந்து நின்றபோதுதான் புரிந்தது. அவள் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர்.

நீங்கள் வெளியே வந்து எல்லோரையும் பார்த்துக் கைகூப்பினீர்கள். "அவ விருந்தாளி, தெரியாம பண்ணிட்டா" என்றீர்கள். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து, உங்கள் வீட்டு வாசலில் நான் விருந்தாளி ஆனேன். நீங்கள் வேலைக்குக் கிளம்பிவிட்டீர்கள். நானும் பேச்சியம்மாளும் குடம் குடமாக வீடு வீடாகத் தண்ணீரைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். என் முகத்தைப் பார்த்து அவளுக்கு என்ன தோன்றியதோ, நாலாவது வீட்டுப் படியில் குடத்தை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள்: "விருந்துக்கு வந்தவுக இப்படி ரொப்ப மாட்டாக, தாயி. குடித்தனம் பண்ண வந்தவுகதேன் ரொப்புவாக."

அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. உங்களிடம் சொல்லவில்லை. சாயங்காலம் நீங்கள் வந்ததும், ரிசர்வேஷனை முன்னால் தள்ள முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றதும் நீங்கள் சந்தோஷப்பட்டீர்களா, வருத்தப்பட்டீர்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இங்கே வந்தால் இங்கேயும் இருப்புக்கொள்ளவில்லை. வகுப்பில் கரும்பலகையில் பாதி கணக்கோடு நின்றுவிடுகிறேன். நேற்று அடிபம்பில் தேவானை கேட்டாள், "இன்னாம்மா, சாரு அங்க கீறாரு, நீ இங்க இன்னா பண்ணிக்கினு கீற?" வேலை பார்க்கிறேன் என்றேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. எனக்குத்தான் அந்தப் பதில் போதவில்லை.

இரண்டு வருடமாகப் பார்க்கிறேன். "நான் இங்கேயே இருக்கட்டுமா" என்று கேட்கிறீர்கள். "நான் வந்துவிடட்டுமா" என்று கேட்கிறீர்கள். "நீ வா" என்று ஒரு தரம் நீங்கள் கேட்டதில்லை. என் வேலை, என் பென்ஷன், என் ஊர் என்று எனக்காக நீங்களே யோசித்துவிட்டீர்கள். அந்தப் பெருந்தன்மை எனக்கு வேண்டாம். கேட்டால் வருவேனா என்றால், சத்தியமாக எனக்குத் தெரியாது. எட்டு நாளில் உங்களைப் படுத்திய பாடு எனக்கு மறக்கவில்லை. வந்தாலும் இப்படித்தான் இருப்பேன்.

ஆனாலும் கேளுங்கள். பதினைந்தாம் தேதிக்குள் எனக்குக் கிடைக்கும்படி எழுதுங்கள். கவர்கூட வேண்டாம், ஒரு கார்டு போதும். தபால்காரர் படித்தாலும் பரவாயில்லை.

கடலில் இறங்கும்போது ஜாக்கிரதை. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
ஸ்ரீலக்ஷ்மி