இருபதாவது பேர்

கண்டாவளை
02.11.2025

அன்பு மகன் சிவகரனுக்கு,

புளியம்பொக்கணை நாகதம்பிரான் துணையில நாங்கள் ரெண்டு சீவனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறம், கொம்மாவின்ர முழங்காலைத் தவிர. அங்கை நீ, ஜெயரூபி, பேத்தி தேனுகா மூண்டு பேரும் குளிருக்கை சுகமாய் இருப்பியள் எண்டு நம்பியிருக்கிறன். நேற்றுத்தானே வட்சப்பில கதைச்சனாங்கள், பிறகேன் இந்த மனிசன் கடிதம் எழுதுறார் எண்டு யோசிப்பாய். ரெண்டு காரணம். ஒண்டு, போனில நான் வாய் திறக்க முதல் கொம்மா பேத்தியைக் காட்டு காட்டு எண்டு பறிச்சுப்போடுவா, எனக்குக் கிடைக்கிறது கடைசியில ஒரு கையசைப்புத்தான். மற்றது, இதோட ஒரு படிவம் வைச்சிருக்கிறன், அது தாளாய்த்தான் வரவேணும், போட்டோ எடுத்து அனுப்பினால் சரிவராதெண்டு பந்தடி லீக் நடத்துறவை சொல்லிப்போட்டினம். எங்கட செந்நெல் விளையாட்டுக் கழகத்தின்ர ஆட்டக்காரர் பட்டியல்ல இருந்து உன்ர பேரை எடுக்கிற படிவம். பதறாதை. முழுக்க வாசி. வாசிச்ச பிறகு என்னோட கோவிக்கிறதெண்டால் கோவி.

முதல்ல பந்தடிக் கதையைச் சொல்லுறன். நாங்கள் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிட்டம் எண்டதை நீ பேஸ்புக்கில பார்த்திருப்பாய், ஏன் இறங்கினம் எண்டதை அதில ஒருத்தரும் போட்டிருக்கமாட்டினம், செயலாளர் எண்டு என்ர முகத்துக்காகத்தான். தொடக்கம் எப்பிடி இருந்தது தெரியுமோ! வைகாசியில முதல் ஆட்டம், வவுனியாக்காரரை எங்கட மைதானத்தில மூண்டுக்குச் சைபர். அனோஜன் தனியாளாய் ரெண்டு. நீ ஓடின வலது பக்கத்திலதான் அவன் ஓடுறான், உன்ர வேகம் இல்லை, ஆனால் உன்னைப்போல பந்தைக் காலுக்கை வைச்சு சனத்துக்கு வித்தை காட்டிக்கொண்டு நிக்கிறவனும் இல்லை, டக்கெண்டு குடுத்திடுவான். கோவியாதை, உள்ளதைத்தான் சொன்னனான். பயிற்றுநர் இப்ப சுமித்திரா ரீச்சர், பள்ளிக்கூடத்தில விளையாட்டுப் படிப்பிக்கிறவா, கொழும்புக்குப் போய்ப் பயிற்றுநர் சான்றிதழும் எடுத்தவா. பொம்பிளை வந்து ஆம்பிளையளுக்குப் பந்தடி சொல்லிக் குடுக்கிறதோ எண்டு வாசிகசாலையடியில கொஞ்சப்பேர் நொட்டை சொன்னவை, மூண்டாவது வெற்றியோட அவையின்ர வாய் மூடிட்டுது. ஆடி முடியும் மட்டும் நாங்கள் ரெண்டாம் இடத்தில நிண்டனாங்கள். ஆவணி பிறந்தது, சிறுபோக வெட்டும் தொடங்கினது, சரி போ. இப்ப விளையாடுற பொடியளுக்குச் சம்பளம் இருக்கு, ஒப்பந்தம் இருக்கு, எல்லாம் இருக்கு, ஆனால் முத்தின நெல்லு ஒப்பந்தம் பார்க்குமே, வெட்டுமெசின் எங்கட வயலுக்கு வாற அண்டைக்குத்தான் எங்களுக்கு ஆட்டமும் வரும். அரைவாசிப் பேர் கண்ணில தூசியோட மைதானத்துக்கு வந்தாங்கள், நாலு ஆட்டம் வரிசையாய்த் தோல்வி. கடைசி ஆட்டம் முல்லைத்தீவில. தோற்காமல் வந்தால் காணும், முதலாம் பிரிவிலயே இருக்கலாம்.

அந்த ஆட்டத்தைச் சொல்ல முதல் ஜனகனைப் பற்றிச் சொல்லவேணும், அவனை உனக்குத் தெரியாது. செட்டிகுளத்துப் பொடியன், இருபத்துநாலு வயது, தகப்பன் ஆண்டியப்பன் 83 கலவரத்தோட மலையகத்தால வந்து அங்கை காடு வெட்டி வயல் செய்த மனிசன். இவன் கோல்கீப்பர். மகன், இப்பிடி ஒரு கீப்பரை நான் இந்தப் பக்கத்தில கண்டதில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ரெண்டு பஸ் மாறி வந்து, எங்கட வீட்டில உன்ர அறையில படுத்து, சனி ஞாயிறு பயிற்சி செய்துபோட்டுப் போவான். ஐந்து மாதம் வந்தவன். ஒரு ஆட்டத்தில எண்டாலும் இறங்கினவனோ எண்டால் இல்லை. ஏனெண்டால் பட்டியல்ல இருபது பேர்தான், இருபதும் நிரம்பினால் பருவம் முடியும் மட்டும் இன்னொருத்தரைச் சேர்க்கேலாது. பத்தொன்பது பேரைச் சுமித்திரா ரீச்சர் எழுதித் தந்தா, இருபதாவதாய் ஜனகனைப் போடுங்கோ அண்ணை, ரஜிதன் எண்ட ஒரே ஒரு கீப்பரை வைச்சுக்கொண்டு ஏலாது எண்டு சித்திரை மாதமே சொன்னவா. நான் இருபதாவதாய் உன்ர பேரை எழுதினனான். நீ நோர்வேக்குப் போனதில இருந்து ஒவ்வொரு வருசமும் எழுதுறன், ஏழாம் நம்பர், யோ. சிவகரன். ஜனகனுக்கு நான் சொன்னது, அடுத்தமுறை பாப்பம் தம்பி எண்டு. அவன் ஒரு முகச்சுழிப்பும் இல்லாமல், பரவாயில்லைங்க ஐயா, பயிற்சிக்கு மட்டும் வந்துட்டுப் போறேன் எண்டான். அவன் அப்பிடிச் சொன்ன உடனயே எனக்கு உறைச்சிருக்கவேணும், விசரன் எனக்கு உறைக்கேல்லை.

முல்லைத்தீவில இடைவேளைக்கு முதலே அனோஜன் ஒரு கோல் போட்டிட்டான். அறுபதாவது நிமிசம், ரஜிதன் பந்துக்குப் பாய்ஞ்சு கோல் கம்பத்தோட அடிபட்டான், தோள்மூட்டு விலகிட்டுது, அவன் கத்தின கத்தல் கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும். வேற கீப்பர் இல்லை. பின்வரிசையில நிக்கிற கிருசாந்தனுக்குக் கையுறையைப் போட்டு விட்டா ரீச்சர், அவன் பிறந்ததுக்குக் கையால பந்தைப் பிடிச்சறியாதவன். ஜனகன் எங்கை நிண்டவன் எண்டு கேள். கோலுக்குப் பின்னால, கம்பிக்கு வெளியில, சேட்டும் செருப்புமாய். அண்ணே இடது பக்கம், அண்ணே முன்னால வாங்க எண்டு அவன் வெளியில நிண்டு கத்தக் கத்த இவன் உள்ளுக்கை விழுந்தெழும்பினான். அப்பிடியும் ரெண்டு போயிட்டுது. ரெண்டாவது கோல் சும்மா உருண்டு வந்த பந்தடா, பேத்தி தேனுகா மறிச்சிருப்பாள். முடிஞ்ச உடன பொடியள் புல்லில இருந்து அழுதாங்கள். ஒருத்தனும் என்னை ஏசேல்லை. ரீச்சர் என்னை ஒருக்காப் பார்த்துப்போட்டு ரஜிதனோட அம்புலன்சில ஏறிட்டா. வரேக்கை பஸ்சில எனக்குப் பக்கத்தில ஆரும் வந்து இருக்கேல்லை, ஜனகன்தான் இருந்தவன், ஐயா தண்ணி குடிக்கிறீங்களா எண்டு போத்தலை நீட்டினான். அண்டைக்குப் பட்ட வெக்கம் எனக்குச் சீவியத்தில போதும்.

ஏன் எழுதினனீங்கள் அப்பா எண்டு நீ கேப்பாய். ஏனோ! 2017 அரையிறுதி உனக்கு நினைவிருக்கோ தெரியாது, எனக்கு நேற்றுப்போல இருக்கு. கிளிநொச்சியில, கொட்டுற மழை, எங்கட சனம் முழுக்க உழவுமெசின் பெட்டியில வந்திறங்கினது, கொம்மா ஒரு கையில குடையும் மற்றக் கையில உனக்குக் கட்டின புட்டுப் பார்சலும். கடைசி நிமிசத்தில நீ வலப்பக்கத்தால ரெண்டு பேரைச் சுத்திக்கொண்டு போய் சேத்துக்கை வழுக்கி வழுக்கி அடிச்சியே ஒரு அடி. அந்தக் கோலை உன்னைப் பெத்தவள் பார்க்கேல்லை, தெரியுமோ, கண்ணை மூடி நாகதம்பிரானைக் கும்பிட்டுக்கொண்டு நிண்டவா. சனம் கத்தின சத்தத்தில கண்ணைத் திறந்து ஆரப்பா அடிச்சது, ஆரப்பா அடிச்சது எண்டு என்ர சேட்டைப் பிடிச்சு உலுக்கினா, நான் அழுதுகொண்டு நிண்டன். இப்பவும் மைதானத்தில வலது பக்கக் கோட்டால ஆர் ஓடினாலும் முதல் ஒரு செக்கன் எனக்கு அது நீதான். நீ விமானம் ஏறேக்கை ரெண்டு வருசத்தில வந்திடுவன் அப்பா எண்டனி. அந்த ரெண்டு வருசம் ஆறாச்சு. பட்டியல்ல உன்ர பேர் கிடக்கும் மட்டும் நீ ஒரு ஆட்டத்துக்கு வரப் பிந்தினவன், அவ்வளவுதான், எண்டு நான் என்னை ஏமாத்திக்கொண்டு இருந்திட்டன்.

இனி ஆண்டுக் கூட்டத்தில நடந்ததைச் சொல்லுறன், போன ஞாயிறு. எங்கட கழகக் கொப்பிக்கு உள்ள வழக்கம் உனக்குத் தெரியும்தானே. 2010இல சண்டை முடிஞ்சு முகாமால திரும்பி வந்து கழகத்தைத் தொடங்கேக்கை பழைய கொப்பி இல்லை, நினைவில இருந்துதான் எல்லாற்ற பேரையும் எழுதினனாங்கள். அதில ஒன்பது பேர் எங்கை எண்டு இண்டைக்கும் தெரியாது. ஆள் தானாய் வந்து சொல்லாமல் ஒருத்தற்ற பேரையும் வெட்டுறேல்லை எண்டு அண்டைக்கே தீர்மானம் எடுத்தது, கூட்டத்தில பேர் வாசிக்கேக்கை அந்த ஒன்பது பேருக்கும் வீட்டுக்காரர் எழும்பி, இன்னும் வரேல்லை எண்டு சொல்லுவினம். அது கழகக் கொப்பிக்கு உள்ள வழக்கம், லீக் பட்டியலுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் உன்ர பேரைப் பற்றி ஆரும் வாய் திறந்தால் நான் அந்தத் தீர்மானத்தைத்தான் சாட்டினனான், கூட்டத்திலயும் உன்ர பேர் வாசிக்க எழும்பி, இன்னும் வரேல்லை எண்டுதான் ஆறு வருசமும் சொன்னனான். இந்தமுறையும் சொன்னன். சொல்லிப்போட்டு இருக்க, எனக்கு முன் கதிரையில இருந்த ஏரம்பண்ணை மெல்ல எழும்பித் திரும்பினார், அவற்ற மூத்தவன் அந்த ஒன்பதில ஒருத்தன் எண்டு உனக்குத் தெரியும். யோகநாதன், உன்ர பிள்ளை நோர்வேயில இருக்கிறான், நேற்றும் உன்னோட கதைச்சிருப்பான், இன்னும் வரேல்லை எண்டது என்ர பிள்ளைக்குச் சொல்லுற சொல்லு, அதை எடுத்து நீ உன்ர பிள்ளைக்குச் சொல்லாதை எண்டார். கோவமாய்ச் சொல்லேல்லை, குடிக்கத் தண்ணி கேக்கிற குரலில சொன்னார். எனக்கு அவற்ற காலில விழவேணும்போல இருந்தது, விழேலாமல் கதிரையிலயே இருந்தன். கொப்பியை வாசிச்சுக்கொண்டிருந்த ரீச்சர் உன்ர பேரைத் திரும்ப ஒருக்கா வாசிச்சா. எழும்பி, நோர்வேயில சுகமாய் இருக்கிறான் எண்டு சொன்னன். அதைச் சொல்ல ஏன் இவ்வளவு காலம் பிடிச்சது எண்டு எனக்கே தெரியாது, சந்தோசமான செய்திதானே.

இப்ப எங்கட நிலைமை இது. மைதானம் முழங்கால் தண்ணியில கிடக்கு, தை பிறந்தால்தான் புல்லைக் காணலாம். அனோஜனைக் கொழும்பில ஒரு கழகம் கேக்குது, போகட்டும், பிழைக்கட்டும். ரஜிதன்ர தோளுக்கு அடுத்த பருவமும் இல்லை எண்டு டொக்டர் சொல்லிட்டார். அனோஜன்ர இடத்துக்கு முன்வரிசைக்கு ஒருத்தன் வேணும், ரஜிதன்ர ஒப்பந்தம் முடியும் மட்டும் அவன்ர பேரை எடுக்கேலாது, அதால ஜனகனுக்கு இருக்கிறது உன்ர இடம்தான். ஜனகனை வவுனியாவில ஒரு கழகம் மார்கழி முடிய எடுக்கப் பார்க்குது, எங்கட பட்டியல்ல அவனுக்கு இடம் எண்டு அதுக்கு முதல் எழுத்தில குடுத்தால் அவன் இஞ்சைதான் நிப்பன் எண்டிட்டான். ஜனகனை எழுதினால் தானும் நிக்கிறன், இல்லாட்டி வேற ஆளைப் பாருங்கோ அண்ணை எண்டு ரீச்சர் முகத்துக்கு நேர சொல்லிப்போட்டா. அவாவும் போனால் பொடியள் திசைக்கு ஒண்டாய்ப் போயிடுவாங்கள், கழகம் கொப்பியில மட்டும்தான் இருக்கும். ஒருக்காப் பட்டியல்ல ஏறின ஆட்டக்காரரை, அடுத்த பருவத்துக்கெண்டாலும், அவற்ற கையெழுத்து இல்லாமல் கழகம் தன்பாட்டில எடுக்கேலாது, அதுக்குத்தான் இந்தப் படிவம். கொம்மாவுக்கு இண்டைக்கு விடியத்தான் சொன்னனான். உயிரோட இருக்கிற பிள்ளையின்ர பேரை எடுக்கிறதோ, உங்களுக்கென்ன விசரோ எண்டு கத்தினா. ஏரம்பண்ணை சொன்னதைச் சொன்னன். குசினிக்கை போய்க் கனநேரம் வரேல்லை. பிறகு வந்து, வெள்ளிக்கிழமை ஜனகன் எத்தினை மணி பஸ்சில வாறான், அவனுக்கு மீன் பிடிக்குமோ எண்டு கேட்டா. ஆனால் உன்ர ஏழாம் நம்பர் ஜேர்சியை அலுமாரியால எடுக்கவிடமாட்டாவாம். கீப்பருக்கு ஏழாம் நம்பர் எதுக்கு, அது கிடக்கட்டும்.

ஜெயரூபிக்கும் பேத்திக்கும் எங்கட ஆசீர்வாதம். நைட் வேலையால வந்து சாப்பிடாமல் படுக்கிற பழக்கத்தை விடு, வயிறு ஒருக்காப் பழுதானால் திருத்தேலாது. ஐஸ் ரோட்டில கார் ஓடேக்கை கவனம், அங்கை நீ ஆருக்கும் வேகம் காட்டத் தேவையில்லை. பேத்திக்கு ஒரு பந்து வாங்கிக் குடு, பொம்பிளைப் பிள்ளை எண்டு பாராதை, எங்கட ரீச்சரை நினைச்சுக்கொள். நாகதம்பிரான் உங்கள் மூண்டு பேருக்கும் எப்பவும் துணை நிப்பார். படிவத்தை மறந்துபோகாமல் கிடைச்ச கிழமையே பதிவுத் தபாலில போடு, மார்கழி முடிய முதல் எனக்குக் கிடைக்கவேணும்.

இன்னொண்டு, இதைச் சொல்லாமல் கடிதத்தை ஒட்டேலாது. பட்டியல்ல பேர் சேர்க்கிறதுக்கும் ஆட்டக்காரற்ற கையெழுத்து வேணும். நீ இல்லாத ஆறு வருசமும் உன்ர கையெழுத்தைப் போட்டது நான்தான். உன்ர பழைய பள்ளிக்கூடக் கொப்பியைப் பார்த்துக் கலண்டர்த் தாளின்ர பின்பக்கத்தில எழுதிப் பழகினனான், கடைசியில நீ இழுக்கிற அந்தக் கோடு மட்டும் கொஞ்சம் கஸ்ரமாய் இருந்தது, பிறகு அதுவும் வந்திட்டுது. ஆரும் பிடிக்கேல்லை. இந்தப் படிவத்துக்கும் அப்பிடியே போட்டுக் குடுத்தால் உன்னைக் கரைச்சல்படுத்தத் தேவையில்லை எண்டுதான் முதல் நினைச்சனான். மூண்டு நாள் மேசையில வைச்சுக்கொண்டு இருந்தன், மூண்டு தரம் பேனையைத் திறந்தன். உன்னைச் சேர்க்கிறதுக்குப் போட்ட கை, எடுக்கிறதுக்குப் போகுதில்லை மகன். செயலாளர் போடுற இடத்தில என்ர பேருக்கு நான் போட்டிட்டன். மேல இருக்கிற கோட்டில நீ போடு.

இப்படிக்கு,
அப்பா