கலசம் வைத்து எடுத்த அளவு

பதிவு 118. செவ்வாய், காலை 07:40

இதைக் கண்டெடுப்பவர்களுக்கு: நான் சங்கரகோமதி, அணு இயற்பியல் ஆள். இந்தச் சிறுகோளில் தனியாக இருக்கிறேன். இங்கே வெட்டியெடுத்த புதுத் தனிமத்தை எரிபொருளாக ஏற்றிக்கொண்டு கப்பல் போய் நான்கு மாதம் ஆகிறது. வேக நியூட்ரான் பட்டால் அதன் அணுக்கரு எவ்வளவு எளிதில் பிளக்கும் என்ற எண்ணை நான் அனுப்ப வேண்டும். அதை வைத்துத்தான் உலையில் எவ்வளவு போடுவது என்று முடிவு செய்வார்கள். கப்பலின் உலைப் பொறியாளர் வடிவு. என் மகள்.

நேற்று ஆயுத பூஜை. கருவிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பக்கத்தில் தண்ணீர்க் கலசமும் வைத்தேன். இன்று விஜயதசமி, அளவு தொடங்கியது. ஒரு தகட்டில் யுரேனியம், இன்னொன்றில் புதுத் தனிமம். யுரேனியத்தின் கணக்கு தெரிந்ததுதான். இரண்டிலும் நடக்கும் பிளவுகளை எண்ணி ஒப்பிட்டால் போதும்.

பதிவு 121. வெள்ளி, மாலை 16:05

பிளக்கும் வாய்ப்பின் மதிப்பு, பார்ன் என்ற அலகில், 1.32. அனுப்பினேன். செய்தி போகப் பதினோரு நிமிடம், வரப் பதினோரு நிமிடம். பதில்:

"எம்மா, எண் வந்துட்டு. சரிபாக்கணுமான்னு கேப்டன் கேட்டாரு. எங்கம்மா அளந்தா அளந்ததுதான்னு சொல்லிட்டேன். நாளைக்குப் பதினோரு மணிக்கு உலையப் பத்த வைக்கோம். இருபத்து மூணு பேரும் வீடு வந்து சேந்துருவோம்."

பெருமையாக இருந்தது. இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

பதிவு 122. சனி, காலை 10:14

அளவு முடிந்ததால் பூஜைக் கலசத்தை எடுத்து, தண்ணீரைத் தொட்டியில் சேர்த்தேன். தொடங்கிய வேலை முடியும்வரை கலசத்தை அசைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். கருவி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. யுரேனிய எண்ணிக்கை சட்டென்று இறங்கியது. புதுத் தனிமத்தின் எண்ணிக்கை அசையவில்லை.

அட மூதேவி. இரண்டு லிட்டர் தண்ணீர், யுரேனியத் தகட்டுக்குப் பின்னால், ஒரு சாண் தூரத்தில்.

தண்ணீர் நியூட்ரானை மெதுவாக்கும். மெதுவான நியூட்ரானுக்கு யுரேனியம் தாராளமாகப் பிளக்கும், புதுத் தனிமம் பிளக்காது. யுரேனியம் கூடிப்போனதால் மற்றது குறைவாகத் தெரிந்திருக்கிறது. வடிவு எரிபொருளை அதிகமாகப் போட்டிருப்பாள். சோற்றின் ஈரம்கூட அளவைக் கெடுக்கும் என்று, டப்பாவோடு ஆய்வறைக்குள் வந்த மாணவர்களை வெளியே விரட்டியவள் நான்.

10:38

பதறிய காரியம் சிதறும் என்று மறுபடி அளந்து பார்த்தேன். தவறு உண்மை. நூற்றுக்கு எட்டா, பதினைந்தா, இவ்வளவு நேரத்தில் சொல்ல முடியாது. இருபது நிமிடத்தை வீணாக்கினேன்.

10:41

ஆன்டெனா திரும்பவில்லை. மோட்டார் இறுகிவிட்டது. வெளியே போகிறேன்.

10:52

கையால் திருப்பினேன். குளிரில் விரல் இரண்டில் உணர்வில்லை. அனுப்பியது:

"ஏட்டி வடிவு, உலையத் தொடாத. என் எண் தப்பு. எரிபொருள் கூடிப்போச்சு. எல்லாத்தையும் நிறுத்து. கேக்கியா, நிறுத்துட்டி!"

11:03க்குப் போய்ச் சேரும். அவர்கள் எதையும் நேரத்துக்குத் தொடங்கியதே இல்லை. இன்றைக்கும் தாமதமாகட்டும் தாயே.

11:16

"எம்மா, நீ சொன்னது இப்பதான் வந்துச்சு. பதினோரு மணிக்கே பத்த வச்சாச்சு. தடுப்புக் கம்பி அம்புட்டையும் எறக்கியும் நிக்க மாட்டேங்கு. எரிபொருள வெளிய தள்ளுற கதவு சூட்டுல மாட்டிக்கிட்டு. அழாத, எழுதிக்கோ. உலையோட சக்தி பன்னெண்டு புள்ளி நாலு செகண்டுக்கு ஒருக்க ரெட்டிக்கி. மூணு தடவ பாத்துட்டேன், அதே பன்னெண்டு புள்ளி நாலு. ஏத்துன எடை நானூத்திப் பதினெட்டு கிலோ. இத வச்சு சரியான எண்ணப் போட்டுரலாம்லா? அடுத்த வாரம் ரெண்டாவது கப்பல் இதத்தான் பத்த வைக்கப் போகுது, அதுல நாப்பது பேரு. இன்னொரு தடவ பாக்கேன். பன்னெண்டு புள்ளி"

11:40

அழைத்துக்கொண்டே இருக்கிறேன். இரைச்சல் மட்டும்தான். நான்தான் கொன்றேன். வேறு மாதிரி எழுத எனக்கு வராது.

13:25

வடிவு சொன்ன எண்களை வைத்துக் கணக்குப் போட்டேன். மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் ஒரே விடை.

மதிப்பு 1.47 பார்ன். பிழை நூற்றுக்கு ஒன்றுக்குள். இரண்டாவது கப்பலுக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதாகப் பதிலும் வாங்கிவிட்டேன். படிவத்தில் கடைசிக் கட்டம் மட்டும் பாக்கியிருந்தது. பழக்கத்தில் என் பெயரை எழுதிவிட்டு, கோடு போட்டு அடித்தேன்.

அளந்தவர்: ச. வடிவு.